சிரட்டையில் வந்த மீன்கள்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது ஓய்வு மிகுந்தவர்களின் பொழுதுபோக்கு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வசதி படைத்தோர் வீடுகளின் முன்மண்டபத்தில் மின்விளக்கின் ஒளியில் மின்னும் தொட்டிகளைக் காணும்போதெல்லாம் என் மனத்தில் ஒருவித ஏளனமே எழும். அந்த ஏளனம் அறியாமையில் பிறந்தது என்பதை எனக்கு உணர்த்தியவன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன். அவனுக்கு நான் விஞ்ஞானம் கற்பித்தேன் என்று பாடசாலைப் பதிவேடு கூறும். யார் யாருக்குக் கற்பித்தார் என்பதை இதனைப் படிப்போரே தீர்மானித்துக்கொள்ளலாம்.

2017ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று, கேகாலை மாவட்டத்து றப்பர்த் தோட்டம் ஒன்றிலுள்ள பாடசாலைக்குச் சென்றேன். இரண்டு நீண்ட கட்டடங்கள், ஒரு கிணறு, ஆய்வுகூடம் என்ற பெயரில் ஓர் அலுமாரி. அந்த அலுமாரிக்குள் சில சோதனைக் குழாய்களும் எவரும் தொட்டிராத ஒரு நுணுக்குக்காட்டியும் இருந்தன. பாடசாலையின் பின்புறச் சரிவில் ஒரு சிற்றோடை. ஓடைக்கு இந்தப் பக்கம் தோட்டத்து லயங்கள். அந்தப் பக்கம் சிங்களக் கிராமம். ஓடை இரு பக்கத்தாருக்கும் பொதுவானது. அதற்கு மொழிப் பிரச்சினை இருக்கவில்லை.

உயிரினங்கள் தம் சூழலோடு கொண்டுள்ள உறவு பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து கற்பிப்பதில் எனக்கே சலிப்புத் தட்டியது. ஒரு மீன்தொட்டியை வகுப்பில் வைத்தால் என்ன என்று தோன்றிற்று. சம்பளம் வந்த வாரம் கொழும்புக்குச் சென்று, இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டியொன்றை வாங்கினேன். ஐம்பது லீற்றருக்குச் சற்று அதிகமாக நீர் கொள்ளும். கூடவே ஒரு வளியூட்டி, ஒரு பை வெள்ளைக் கூழாங்கல், ஆறு சிவப்பு மீன்கள். கடைக்காரர் அவற்றைச் செரி பார்ப் என்றார். ஒன்று 75 ரூபா.

திங்கட்கிழமை காலை, ஏதோ அதிசயத்தைத் திறந்துவைப்பவன்போலத் தொட்டியை மூடியிருந்த துணியை விலக்கினேன். பிள்ளைகள் வாய் திறந்து பார்த்தனர். ஒருவன் மட்டும் வியக்கவில்லை. அவன் பெயரைச் சந்திரன் என்று வைத்துக்கொள்வோம்.

"இது நம்ம ஓடையில இருக்குற மீனுதானே, சேர்?"

வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. "இது கொழும்பிலே காசு கொடுத்து வாங்கியது. உட்கார்" என்றேன்.

மறுநாள் அவன் இரு கைகளாலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையை ஏந்திக்கொண்டு வந்தான். றப்பர்ப் பால் ஏந்தும் சிரட்டை அது. அதற்குள் இரண்டு அங்குலமும் தேறாத இரு மீன்கள். மூக்கிலிருந்து கண்ணினூடாக வால்வரை ஓடும் கருங்கோடு. வயிற்றோரம் மங்கிய சிவப்பு. என் தொட்டி மீனையும் சிரட்டை மீனையும் மாறிமாறிப் பார்த்தேன். ஐயத்துக்கு இடமே இல்லை. இந்த மீன் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து ஓடைகளுக்கே உரியது. உலகின் வேறெந்த நாட்டிலும் இயற்கையாகத் தோன்றியதன்று. நான் கொழும்பில் விலை கொடுத்து வாங்கியது, பாடசாலையின் பின்புறத்தில் நீந்திக்கொண்டிருந்த மீனைத்தான்.

அந்த வாரத்திலேயே என் கல்விக்கு இரண்டாவது அடி விழுந்தது. வாங்கி வந்த ஆறு மீன்களுள் நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடி இறந்தன. நீரோ பளிங்குபோல இருந்தது. நான் கற்களைச் சவர்க்காரமின்றிப் பத்துமுறை கழுவியிருந்தேன், கண்ணாடியைத் துடைத்திருந்தேன், உணவும் தாராளமாகவே இட்டேன். அப்படியிருந்தும் ஏன்?

பட்டதாரி ஆசிரியனாகிய எனக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நைதரசன் வட்டத்தைப் பரீட்சைக்காக எத்தனையோ முறை எழுதியவன் நான். மீனின் கழிவிலிருந்தும் தின்னாது விட்ட உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த நஞ்சு மீனின் செவுளை எரிக்கிறது. ஒருவகைப் பக்டீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும்; அதன் தீமை குறைவு; அது செடிகளுக்கு உணவுமாகும். இந்தப் பக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் இலையிலும் படிந்து பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். புதிய தொட்டியில் அவை இல்லை. ஆகவே புதிய தொட்டி எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு ஆபத்தானது. இத்தனையும் எனக்கு எழுத்தில் தெரியும், தொட்டியில் தெரியவில்லை.

சந்திரன் இதை வேறுவிதமாகச் சொன்னான். "நீங்க ரொம்பச் சுத்தமா வச்சிட்டீங்க, சேர். ஓடையில கல்லெல்லாம் வழுவழுன்னு இருக்கும். நத்த இருக்கும். அழுகுன எலை இருக்கும். அதெல்லாம் இல்லாம மீனு எப்படி இருக்கும்?"

பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது, இதே பாடத்தை இங்கிலாந்தின் இரசாயனவியலாளர் ரொபட் வாறிங்டன் 1850ஆம் ஆண்டளவில் கற்றதாக அறிந்தேன். கண்ணாடிப் பாத்திரத்தில் பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் ஒன்றாக இட்டார். செடி ஒட்சிசன் தரும், மீன் வாழும் என்பது அவர் கணக்கு. சில நாளில் செடியின் முதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. மீனும் செடியும் மட்டும் இருந்த உலகம் நிலைக்கவில்லை. அழுக்கைத் தின்று உயிர்வாழும் ஒன்று சேர்ந்தபோதே அது நிலைத்தது. ஆனால் தொட்டியைப் பார்க்க வருவோர் நத்தையைப் பார்க்க வருவதில்லை.

இரண்டாம் முறை நாங்கள் அவசரப்படவில்லை. வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்தெறிந்தோம். சந்திரனும் நண்பர்களும் ஓடையிலிருந்து வழுவழுப்பான கற்களையும் மணலையும் கொணர்ந்தனர். ஓடையோரத்து நீர்ச்செடியைச் சேற்றோடு பெயர்த்து வந்து நட்டனர். கிரிப்டோகொரைன் என்னும் இனத்தைச் சேர்ந்த அச்செடியும் உலகச் சந்தையில் விலைபோகும் பொருள் என்பதைப் பின்னரே அறிந்தேன். நீரும் ஓடை நீரே. எங்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்னீர். இந்த மீனோ இலைச் சாறு கலந்த மென்னீரில் பிறந்தது. காய்ந்த வாதுமை இலைகள் இரண்டை இட்டோம். நீர் வெளிறிய தேநீரின் நிறம் கொண்டது. ஐந்து வாரங்கள் காத்திருந்தோம். எஞ்சிய இரு கடை மீன்களோடு, சிரட்டையில் வந்த மீன்கள் ஆறினையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். வாரத்துக்கொருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். ஒன்றும் இறக்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதனை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை கொழும்புக்குச் சென்றபோது அதே கடையில் என் பெருமையைச் சொன்னேன். "நீங்கள் விற்கும் மீன் எங்கள் பாடசாலைக்குப் பின்னாலேயே நீந்துகிறது" என்றேன். எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கடைக்காரர் கேட்டார். சொன்னேன். அறிவைப் பகிர்ந்துகொண்டதாக எண்ணிய மகிழ்ச்சியோடு பேருந்தில் ஏறினேன்.

மூன்று வாரங்களின் பின் ஒரு முச்சக்கரவண்டி தோட்டத்துக்கு வந்தது. அதில் பொலித்தீன் பைகளும் ஒட்சிசன் உருளையும் இருந்தன. வந்தவர் கிராமத்துப் பிள்ளைகளையும் லயத்துப் பிள்ளைகளையும் அழைத்து, மீன் ஒன்றுக்கு ஐந்து ரூபா தருவதாகக் கூறினார். அவர் அடிக்கடி வரலானார். சந்திரனின் இருக்கை வெறுமையாயிற்று. முதலில் திங்கள், பின்னர் திங்களும் செவ்வாயும்.

அவன் வீட்டுக்குச் சென்றேன். தாய் றப்பர்ப் பால் வெட்டும் தொழிலாளி. வாசலில் நின்றபடியே நான் கல்வியின் பெருமையை எடுத்துரைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மழ பெஞ்சா பால் வெட்டு இல்ல, வாத்தியாரய்யா. பால் வெட்டு இல்லாட்டிப் பேரும் இல்ல. போன மாசம் பாதி நாளு மழ. இவன் கொண்டாந்த காசுலதான் அரிசி வாங்குனோம்."

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டேன். 2016ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. சந்திரன் நூறு மீன் பிடித்தால் தாயின் ஒரு நாட்சம்பளம். கொழும்புக் கடையில் ஏழு மீன் விற்றாலே அந்தத் தொகை வந்துவிடும். எஞ்சிய தொண்ணூற்று மூன்று மீன்களின் பணம் யாரிடம் செல்கிறது? அத்தனையும் இலாபமென்று சொல்லவில்லை. வழியில் இறப்பவை உண்டு. வண்டிக் கூலியும் கடை வாடகையும் உண்டு. ஆனாலும் முழங்காலளவு நீரில் நின்றவனுக்கும் அந்த மீனுக்கும் இடையிலிருந்த தொடர்பு ஐந்து ரூபாவோடு அறுந்துவிட்டது. இந்தக் கணக்கை நான் தாயிடம் சொல்லவில்லை. றப்பரில் அந்தக் கணக்கை அவர் நாள்தோறும் கண்டவர்.

மீன்தொட்டியின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது, இவ்விரு கணக்கும் ஒரே பெட்டியில் பிறந்தவை என்பதைக் கண்டு திடுக்கிட்டேன். இலண்டன் மருத்துவர் நதானியல் வார்ட், மூடிய கண்ணாடிக்குள் செடி நெடுநாள் உயிர்வாழும் என்பதை 1829ஆம் ஆண்டளவில் கண்டார். அவருடைய கண்ணாடிப் பெட்டியே பின்னர் வரவேற்பறை மீன்தொட்டிக்கு வழிகாட்டிற்று. அதே பெட்டிதான் பேரரசின் பயிர்களைக் கடல் கடந்து சுமந்தது. 1876இல் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து கொணர்ந்த றப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைத்தன. அந்த நாற்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. றப்பர்த் தோட்டங்கள் பரந்தன. அவற்றுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து மனிதர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய சந்ததியாரிற் பெரும்பாலோர் 1948இல் குடியுரிமையையும் இழந்தனர். செடிக்குக் கண்ணாடிப் பெட்டி செய்தவர்கள், அச்செடியில் பால் வெட்டுவோருக்குப் பத்தடி அறைகளைக் கட்டினார்கள். செடி வாடாதிருக்க எவ்வளவு ஈரம் வேண்டும் என்று அளந்தவர்கள், மனிதருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்தாரில்லை.

சில மாதங்களில் முச்சக்கரவண்டி வருவது நின்றது. மனச்சாட்சி விழித்ததனாலன்று, மீன் அருகியதனால். அவ்வாண்டின் வரட்சியும் மேட்டு நிலத்துக் களைகொல்லியும் தத்தம் பங்கைச் செய்திருக்கக்கூடும். என் பங்கு எனக்குத் தெரியும். "இப்பச் செரட்டையப் போட்டா வெறுந் தண்ணிதான் வருது, சேர்" என்று சந்திரன் சொன்னபோது நான் தலைகுனிந்தேன். கடையில் நான் விட்ட பெருமைப் பேச்சை அவனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் கோபிக்கவில்லை. "நானுந்தானே பிடிச்சேன்" என்றான்.

அப்போதுதான் தொட்டியிலிருந்த மீன்களைப் பெருக்குவது என்று தீர்மானித்தோம். தனியாக ஒரு பழைய தொட்டியைச் சாணளவு நீரால் நிரப்பினோம். தேங்காய்த் தும்பை அவித்து, சாயம் போகும்வரை அலசி, கொத்தாகக் கட்டி அதில் இட்டோம். இந்த மீன் கப்பியைப்போலக் குஞ்சு ஈனுவதன்று. முட்டையைச் செடிகளிடையே சிதறிவிட்டுப் போவது. முட்டைமேல் அதற்குப் பாசமும் இல்லை, கண்டால் தின்றுவிடும். வயிறு பருத்த பெண் மீன்கள் இரண்டையும், உடலெல்லாம் குருதிச் சிவப்பேறிய ஆண் மீன் ஒன்றையும் ஒரு மாலையில் விட்டோம். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழுந்த வேளையில் ஆண் பெண்ணைத் தும்பினுள் துரத்தியது. முதலாம் பாடவேளை கணிதம். கணித ஆசிரியரும் எங்களோடு நின்று பார்த்தார். நண்பகலில் பெரிய மீன்களை வெளியேற்றினோம். தும்பு இழைகளில் கடுகிலும் சிறிய கண்ணாடி மணிகள் ஒட்டியிருந்தன. இருநூறளவில் எண்ணினோம்.

இரண்டாம் நாள் அவை பொரித்தன. கண்ணிமைபோன்ற கோடுகள் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. பின்னர் நீந்தத் தொடங்கின. இனி உணவு? அவற்றின் வாய்க்கு மாத்தூளும் பெரிது. வைக்கோலை ஊறவைத்த நீரில் சில நாளில் நுண்ணுயிர்கள் பெருகும். அந்த நீரின் ஒரு துளியை, அலுமாரிக்குள் கிடந்த நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தேன். செருப்பின் வடிவில் பரமீசியங்கள் சுழன்றோடின. நாற்பது பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தனர். ஒரு சிறுமி கண்ணை எடுக்க மறுத்து அழுதாள். பதினைந்து ஆண்டு ஆசிரியப் பணியில் நான் நடத்திய மிகச் சிறந்த பாடம் அதுவே. அதில் நான் பேசியது மிகக் குறைவு.

இரு மாதங்களின் பின் எஞ்சியவை முப்பத்தொரு குஞ்சுகள். சந்திரன் அவற்றைச் சிரட்டையில் அள்ளி ஓடையில் விடப் புறப்பட்டான். நான் தடுத்தேன்.

தடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் மீன்கள் கடை மீன்களோடு ஒரே நீரில் வாழ்ந்தவை. எங்கெங்கோ கைமாறி வந்த கடை மீன்களில் என்ன நோய் ஒளிந்திருந்ததோ? ஓடையில் தப்பியிருக்கும் சில மீன்களையும் அது அழித்துவிடலாம். மேலும் இவையெல்லாம் இரண்டொரு தாயின் பிள்ளைகள். ஓர் இனம் தழைக்க அது போதாது. தொட்டி மீனை இயற்கை நீரில் விடலாகாது என்பது இன்று விஞ்ஞானம் வற்புறுத்தும் விதி. இத்தனையும் அவனுக்கு விளக்கினேன்.

அவன் சிரட்டையைக் கீழே வைத்தான். "பிடிக்கிறப்ப ஒருத்தரும் இவ்வளவு யோசிக்கலியே, சேர்" என்றான்.

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை. எடுத்துக்கொள்வதற்கு ஒரு முச்சக்கரவண்டி போதும். திருப்பிக் கொடுப்பதற்கு அறிவும் காலமும் அனுமதியும் வேண்டும். அவை கூடினாலும் எடுத்ததே திரும்பி வருவதில்லை. இதே கேகாலை மாவட்டத்தில், கலபிட்டமட என்னும் இடத்து ஓடையொன்றில் வாழும் பந்துல பார்ப் என்னும் சிறுமீனை விஞ்ஞானிகள் 1991இல்தான் விவரித்துப் பெயரிட்டனர்; இன்று அது முற்றாக அழியும் ஆபத்தில் உள்ள இனங்களுள் ஒன்று.

எங்களால் செய்ய முடிந்தது சிறிது. இருப்பதைக் காப்பது. ஓடையின் மேற்புறத்தில், மரநிழலில் ஆழமான மடு ஒன்று உண்டு. அங்கே எவரும் மீன் பிடிப்பதில்லை என்று பிள்ளைகள் உடன்படவேண்டும். லயத்துப் பிள்ளைகள் மட்டும் உடன்பட்டால் போதாது. ஒரு மாலை சந்திரனும் நானும் ஓடையைக் கடந்து சென்றோம். அக்கரைப் பையன் ஒருவன் மீனைக் கண்டதுமே "லே தித்தயா" என்றான். லே என்பது சிங்களத்தில் இரத்தம். அப்போது எனக்கு ஒன்று விளங்கிற்று. 1929இல் பி. ஈ. பி. தெரணியகல இந்த மீனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது அதற்கு இட்ட இலத்தீன் பெயரின் பிற்பாதி, இந்தத் தித்தயாவே. முழங்காலளவு நீரில் நின்று மீனை அறிந்தவர்களின் சொல் அருங்காட்சியக ஏடுவரை சென்றிருக்கிறது; அவர்கள் சென்றாரில்லை. இரு கரைப் பிள்ளைகளும் உடன்பட்டனர். உடன்பாடு எத்தனை முறை மீறப்பட்டது என்று நான் எண்ணவில்லை. மறு ஆண்டு மழைக்குப் பின் அந்த மடுவில் கருங்கோட்டு மீன்கள் சிலவற்றைக் கண்டோம்.

சந்திரன் 2019 டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். விஞ்ஞானத்தில் நல்ல சித்தி. மேலே படிக்கும் வாய்ப்பைக் கொரோனாக் காலமும் வீட்டு நிலைமையும் பறித்தன. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது 2021இல்தான். அதே ஆண்டு அவன் கொழும்புப் பக்கம் சென்றான். அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் இரவு வேலை. பையில் மூன்றிலொரு பங்கு நீர், மிகுதி ஒட்சிசன். மீனை எண்ணிப் போட்டு இறுக்கிக் கட்டவேண்டும். விடியுமுன் பெட்டிகள் விமானத்துக்குப் போய்விடும்.

நான் இப்போது மீண்டும் யாழ்ப்பாணத்தில். அவன் சில வேளை தொலைபேசியில் பேசுவான். "இங்க ஒருத்தரும் மீனப் பாக்குறதில்ல, சேர், எண்ணுறதுதான்" என்றான் ஒருநாள். பழைய பாடசாலையில் அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது, புதிதாக வந்த ஆசிரியை பார்த்துக்கொள்கிறார் என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தான்.

"அவங்க கிட்டச் சொல்லுங்க, சேர். அசிங்கமா இருக்குன்னு நத்தைய எடுத்துப் போட்டுற வேணாம்."

அன்றே அந்த ஆசிரியைக்குச் சொல்லிவிட்டேன்.